ஆறாவது கருவி

“ஒரு பாட்டை அஞ்சு கருவியிலதான் கேட்கலாம் சார். இது உங்க ஆறாவது கருவி.”

பாட்டு விற்கும் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசிய பெண் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். மரியாதையில் மட்டும் குறை வைக்கவில்லை.

தையல்காரர் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனையும், கையிலிருந்த புது பிளேயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எல்லாம் நான் வாங்கின பாட்டும்மா. நாற்பத்திரண்டு பாட்டு. ஒண்ணுகூட ஓசியில எடுத்ததில்ல.”

“அதுக்கு எங்க நிறுவனம் உங்களுக்கு நன்றி தெரிவிக்குது சார்.”

நன்றியைக் கொண்டுபோய் எங்கே போட்டுக் கேட்பது? நாளைக் காலை மனைவிக்குப் பேச்சுப் பயிற்சி. பக்கவாதம் வந்து பேச்சுப் போய் ஏழு மாதம் ஆகிறது. ஏதாவது கேட்டால் உதடு அசையும், சொல் வராது. ஆனால் பழகின பாட்டு ஓடினால் கூடவே பாடுகிறாள், ஒரு சொல் பிசகாமல். அந்த வழியாகத்தான் பேச்சைத் திரும்பக் கூட்டிவர வேண்டும், பாட்டோடு வாருங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். பாட்டோ வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

“கம்ப்யூட்டரைத் தலையில வச்சுக்கிட்டுப் போங்க அத்தான்,” என்றாள் மைத்துனி. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள். அத்தானையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். “பக்கத்துச் சலவைக் கடைக்காரர் எல்லாத்தையும் ஓசியில இறக்கி வச்சிருக்கார். அவருக்கு இஸ்திரிப் பெட்டியில போட்டாலும் பாடும்போல.”

“நீ சும்மா இரு. திருட்டுப் பாட்டுல வர்ற பேச்சு நமக்கு வேண்டாம்.” மறுபடி போன் பக்கம் குனிந்தார். “ஏம்மா, நீ சொல்ற அஞ்சுல இப்ப என்கிட்ட இருக்கிறது இந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுதான். ஒரு போன் துணி ஊறவச்ச வாளியில விழுந்துச்சு. ரெண்டு பழசாகி எடைக்குப் போச்சு. இன்னொரு போனை பஸ்ல அடிச்சிட்டான்.”

“அந்தந்தக் கருவியிலிருந்தே நீக்கச் சொல்லி மனு அனுப்பினா இடம் காலியாகும் சார்.”

“பஸ்ல போனது திருடன்கிட்ட இருக்கும்மா.”

“அவர் அனுப்பினாலும் ஏத்துக்குவோம் சார்.”

“அவன் இப்ப என் பாட்டைக் கேட்கலாமா?”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “கேட்கலாம் சார். அது பதிவான கருவி.”

மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியின் நிலைமையை முதலிலிருந்து சொன்னார். பயிற்சி தவறினால் பாட்டோடு வருகிற நாலு சொல்லும் போய்விடும் என்றார்.

எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“சார், இந்த அழைப்பு பதிவாகுது. அதனால உங்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுக்கணும். பக்கத்துல பேனா, பேப்பர் இருக்கா?”

“எச்சரிக்கைக்கு எதுக்கும்மா பேப்பர்?”

“சிலர் ஒரு தப்புப் பண்றாங்க சார். பாட்டு ஓடுற கம்ப்யூட்டர்ல ஒரு வெற்று சிடியைப் போடுறாங்க. எங்க மென்பொருள்லயே மேல மூணாவதா இருக்கிற பொத்தானை அமுக்கி, பாட்டை அதுல பதியறாங்க. சிடிக்குப் போனதும் பூட்டு கழண்டுடுது. அந்த சிடியை மறுபடி அதே கம்ப்யூட்டர்ல ஏத்தி எந்த பிளேயருக்கும் மாத்திக்கிறாங்க. நீங்க அப்படிப் பண்ணக் கூடாது. முக்கியமா, ஒரு சிடியில பதினெட்டு பாட்டுக்கு மேல போடவே கூடாது, நிக்காது. புரிஞ்சுதா சார், திரும்பச் சொல்லட்டுமா?”

தையல்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் உதவி கேட்டா, நீ என்னைத் திருடங்கிறியா? உன் பேர் என்ன?”

பேருக்குப் பதில் ஊழியர் எண்ணைச் சொன்னாள். போனை வைத்த கையோடு வெட்டுமேசையில் உட்கார்ந்து அவள் மேல் புகார் எழுதத் தொடங்கினார். அரைக்கை, முழுக்கை தவிர வேறெதையும் விளக்கி எழுதிப் பழக்கமில்லாதவர். ஒரு பக்கம் நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலானது.

உள்ளறையில் பாட்டுக் கேட்டது. கூடவே மனைவியின் குரல்.

எழுந்து போனார். மனைவி மடியில் புது பிளேயர் பாடிக்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்ததும் இன்னும் சத்தமாகப் பாடினாள். மைத்துனி கையில் ஒரு சிடியும், கிறுக்கலாய் எழுதிய ஒரு தாளும்.

“இதைத்தானே அந்தப் பொண்ணு பண்ணக் கூடாதுன்னு சொல்லிச்சு,” என்றார்.

“அதான் அத்தான், அவ சொன்ன வரிசையிலேயே பண்ணினேன். எந்தப் பொத்தான், எத்தனை பாட்டு, புரிஞ்சுதா, திரும்பச் சொல்லட்டுமான்னு எந்தப் போலீஸ்காரர் எச்சரிக்கிறார்?”

தையல்காரர் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு புகாரைக் கிழிக்கப் போனார். “அந்தப் பொண்ணைப் பாராட்டி நாலு வரி எழுதிடறேன்.”

“நல்லா எழுதுங்க. அப்படி என்ன உதவி செஞ்சான்னு பதிவைத் தோண்டி எடுத்துக் கேட்பாங்க. சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

வாழ்நாளில் ஒரு பொய்ச் சொல் எழுதியிராத தையல்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ‘எவ்வளவு கெஞ்சியும் உங்கள் ஊழியர் எனக்கு இம்மியளவும் உதவவில்லை’ என்று கடைசியில் சேர்த்து, அதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.