காலிக் கிண்ணம்

"தனி வீடு தர்றாங்க, தனித் தொடரும் தர்றாங்க. கிளம்புடா மிரோ. இன்னும் எத்தனை வருஷம் என் கதவையே தட்டிக்கிட்டு இருப்ப?"

"என்னைத் துரத்துறீங்களாண்ணே?"

"ஆமாடா."

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபெர்மின் சொன்னது. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிக்க மாட்டார். மிரோவுக்குத் தனித் தொடர் கொடுத்தே ஆகவேண்டும் என்று சேனல்காரர்களிடம் சண்டை போட்டதும் அவர்தான்.

மணிலாவில் அவர்களுடைய நகைச்சுவைத் தொடரைப் பார்க்காத வீடு கிடையாது. அதில் ஃபெர்மின் வீட்டுக்காரர், மிரோ பக்கத்து வீட்டுக்காரன். பதினோரு வருஷமாக, வாரம் தவறாமல், மிரோ ஒரு காலிக் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டுவான். ஃபெர்மின் திறப்பார். "வினிகர் இருக்கா?" என்பான் மிரோ. அவ்வளவுதான், படப்பிடிப்பு பார்க்க ஜீப்னி வண்டிகளில் வந்திறங்கிய கூட்டம் சிரித்தே கூரையைப் பிய்த்துவிடும். வினிகர் மட்டுமில்லாமல், பொரித்த மீனையும் மின்விசிறியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். "மறுபடியுமா?" என்று கேட்பது மட்டும்தான் ஃபெர்மினின் வேலை.

இப்போது மிரோவுக்கும் சொந்த வீடு. சுவரெல்லாம் அட்டை என்றாலும் சொந்த வீடு. புதுத் தொடரின் நாலாவது வாரப் படப்பிடிப்பு. லாட்டரிச் சீட்டு விற்கிறவள் வந்து தட்டினாள். மிரோ திறந்தான். கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது. சண்டைச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சான்காரன் வந்தான். சேவலுக்குக் கைதட்டல் விழுந்தது.

இடைவேளையில் மிரோ இயக்குநர் வெனேராவிடம் போய் நின்றான்.

"அக்கா, நான் எப்ப சிரிக்க வைக்கிறது?"

"நீதான் ஹீரோ தம்பி. நீ கதவைத் திற, போதும்."

"சேவலுக்குக் கிடைச்சதுகூட எனக்குக் கிடைக்கலையே?"

"சேவல் வெளியிலேர்ந்து வருதுல்ல."

ஒப்பனை போடும் நெனிதா பவுடரை ஒற்றிக்கொண்டே சொன்னாள். "எல்லாம் ஃபெர்மினோட வயித்தெரிச்சல். நீ வாங்கின கைதட்டலைப் பொறுக்க முடியல. நைசா உன்னைக் கிளப்பி விட்டுட்டார். நீ அவரைப் போய் அண்ணே அண்ணேங்கற."

மிரோவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நாளைக் காலையில் புதுத் தொடருக்கான இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பழைய வீட்டுக் கதவு மூடியது மூடியதுதான். 'அண்ணே, என்னைப் பழையபடி பக்கத்து வீட்டுக்கே கூப்பிட்டுக்குங்க' என்று கேட்டுவிட வேண்டும். மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கிறான். நேரில் பார்த்தால் வாய் வருவதில்லை.

கூட்டம் பன்சித் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தது. அட்டை வீட்டில் மிரோ மட்டும் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. நாலு வாரப் பழக்கத்தில் எழுந்துபோய்த் திறந்தான்.

ஃபெர்மின். பக்கத்துத் தளத்துப் படப்பிடிப்பிலிருந்து, வேஷத்துப் பனியனோடு அப்படியே வந்திருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"நாளைக்குக் கையெழுத்தாமே?"

"அது விஷயமாத்தாண்ணே... உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நீ அப்புறம் கேளு. நான் பதினோரு வருஷமாக் கேக்காம வச்சிருக்கேன்."

ஃபெர்மின் பின்னாலிருந்து கையை எடுத்தார். கையில் காலிக் கிண்ணம். முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை.

"உனக்குன்னு ஒரு வீடு இல்லாம நான் எங்கடா போய்த் தட்டுறது? அதுக்குத்தான் சேனல்காரங்ககிட்ட அவ்வளவு சண்டை போட்டேன். ஒரே ஒரு வாரம்டா, மிரோ... நான் தட்டுறேன், நீ திற."