அலமாரிக்குள் ஒலித்தது

ஆரூரன் தன் மின்கிதாரின் ஒலிபெருக்கியை, மறைந்த மனைவி மங்கையின் அலமாரிக்குள் வைத்து, அதன் எதிரே மைக்கைப் பொருத்திக் கதவைச் சாத்திப் பதிவுசெய்வான். அவளுடைய பட்டுப்புடவைகள் கரகரப்பை விழுங்கிக் கனிந்த நாதத்தை மட்டும் ஈந்தன.

முதலாண்டுத் திதிக்கு முன்பு மைத்துனி திலகவதி வந்தாள்.

“ஒங்க கிதாருக்கு மெத்தை விரிக்கவா அத்தான் அக்கா பொடவை வாங்குனா? தானமாக் குடுத்துடுங்க. அவ நிம்மதியாப் போய்ச் சேரட்டும்.”

“இந்த ஒரு பாட்டு முடியட்டும், திலகா.”

“போன மாசமும் இதேதான் சொன்னீங்க.”

புடவைகள் அனைத்தையும் எடுத்துக் கொடுத்தான்.

அவள் சென்றபின் வெற்று அலமாரியில் மீண்டும் பதிவுசெய்தான். தகரம்போல் அதிருமென அஞ்சியே ஹெட்போனை மாட்டிக் கேட்டான். அதே கனிவு, முன்னிலும் நெருக்கம். திறந்து பார்க்க எழுந்தவன், திறவாமல் சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டு வந்து, அடுத்த வரியை மீட்டினான்.