பழைய மில் ஸ்டாப்பில் இரண்டு நிமிடம்

"தினமும் ரெண்டு நிமிஷம், ஓல்டா சார். அதே ஸ்டாப், அதே ஏழு பதினாலு. மூணு மாசமா பாக்கறேன்."

டிப்போ கேன்டீனில் பூண்டு சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஓல்டாவின் முன்னால் அனெதா தன் டேப்லட்டை வைத்தாள். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். பழைய மில் ஸ்டாப்பில் மட்டும் ஒரு சிவப்பு.

"ஒரு புள்ளிதானே, இன்ஜினியரம்மா. கொசு உக்காந்த மாதிரி இருக்கு."

"அந்தக் கொசுதான் எங்க கம்பெனியைக் கடிக்கப் போகுது."

அனெதா பிராகில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தாள். பஸ்ஸை நொடிக்கு நொடி கண்காணித்து, நேரம் தவறாமல் ஓடவைக்கும் பெட்டிகளை நகரசபைகளுக்கு விற்பது அதன் தொழில். இந்த ஊரின் எண்பத்தாறு பஸ்களிலும் மூன்று மாதம் இலவசமாக மாட்டிக் காட்டியாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்குக் கையெழுத்து. ஸ்வீடனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பெரிய கம்பெனிகள் அதே ஒப்பந்தத்துக்கு வரிசையில் நின்றன.

"கையெழுத்துப் போட வேண்டியவங்க கலினோவா மேடம். அவங்களைப் பத்தித் தெரியும்ல?" என்றாள் அனெதா.

"போக்குவரத்துக் குழுத் தலைவி. தெரியாம என்ன?" ஓல்டா சூப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒவ்வொரு கூட்டத்துலயும் அந்தப் பெரிய கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுவாங்க. 'எனக்கு நிமிஷம்தான் முக்கியம்'னு. நாளைக்குத் திரையில இந்தச் சிவப்பைப் பாத்தாங்கன்னா, நானும் இன்னும் ஒன்பது பேரும் வேலை தேட வேண்டியதுதான்."

ஓல்டா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ஒரு ஆள் வரும். அதுக்காக நிப்பேன்."

"தினமுமா?"

"தினமும்."

அனெதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனைவியை இழந்து ஆறேழு வருடமான மனிதர். ஆனாலும் மழமழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை, காலையில் போட்ட சென்ட்டின் வாசனை மதியம்வரை மிச்சம்.

"ஓகோ. விஷயம் இப்படிப் போகுதா?"

அவர் காது சிவந்தது. "சூப் சூடா இருக்கு."

"யாருன்னு சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி நானே பக்குவமா பேசறேன்."

"வேண்டாம்மா. அதை அவங்ககிட்டப் போய் யாரும் சொல்ல முடியாது. நாலு வருஷமா எனக்கே தைரியம் வரல."

அனெதாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது பேரின் முகங்களும் நினைவுக்கு வந்தன.

"மன்னிச்சுக்கங்க சார். நாளைல இருந்து நேரமானதும் கதவு தானா மூடிக்கும். பெட்டியில அந்த வசதி இருக்கு. இப்பவே போட்டுடறேன்."

"அந்த ஆள் வந்தா?"

"அடுத்த பஸ்ஸுல வரட்டும்."

"அது அரை மணி கழிச்சுத்தானே. மழை பெஞ்சா?"

"நனையட்டும். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டாத்தான் மனுஷங்களுக்கு நேரத்தோட அருமை தெரியும்."

ஓல்டா ஏதோ சொல்ல வாயெடுத்து, ரொட்டியை மென்றார்.

மறுநாள் காலை மழை. நகரசபைக் கூடத்தில் அனெதா ஏழு மணிக்கே திரையைப் பொருத்திவிட்டாள். பன்னிரண்டாம் நம்பர் பஸ் ஏழு பதினாலுக்குப் பழைய மில் ஸ்டாப்பில் நின்றது, கதவைத் திறந்தது, மூடியது, கிளம்பியது. பச்சை. மூன்று மாதத்தில் முதல்முறையாகத் திரை முழுவதும் பச்சை. அனெதா அதைப் போனில் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஒன்பது பேரும் கைதட்டல் அனுப்பினார்கள்.

மணி எட்டானது. குழு உறுப்பினர்கள் வந்தார்கள். தலைவி வரவில்லை.

"இப்படி நடந்ததே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றார் ஒருவர். காப்பி இரண்டு சுற்று வந்து போனது.

எட்டரைக்குக் கதவு திறந்தது. கலினோவா தொப்பலாக நனைந்து நின்றார். தொப்பியிலிருந்து சொட்டிய நீர் தரையில் கோடு போட்டது. அவர் உட்காரவில்லை. மேசைமீதிருந்த ஒப்பந்தக் கோப்பை மூடி, அனெதாவின் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போம்மா."

"மேடம், இன்னிக்கு நூத்துக்கு நூறு. நீங்க திரையை ஒரு தடவை..."

"திரையை நீ பாரு. நான் ஸ்டாப்புல நின்னு பாத்தேன். நாலு வருஷமா பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸுலதான் வரேன். ஏழு பதினாலுக்கு நான் பழைய மில்லுல கால் வைப்பேன், பஸ் கதவைத் திறந்துட்டு நிக்கும். ஒருநாள் தவறினதில்ல. அந்த பஸ்ஸைப் பாத்துத்தான் நான் என் கடிகாரத்தையே சரிபாத்துக்கறேன். இன்னிக்கு உன் பெட்டி அதை நேரத்துக்கு முன்னாலயே விரட்டியிருக்கு."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அனெதாவின் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்த ஊர்ல மத்த கடிகாரமெல்லாம் கொஞ்சம் வேகம். இது ஒண்ணுதான் சரியா ஓடுது."

போனில் மணி எட்டு முப்பத்திரண்டு. கடிகாரத்தில் எட்டு முப்பது.