இடது கால்

விபத்து நடந்து எட்டு மாதமாகியும் சகாயத்தின் இடது காலுக்குக் கியர் விழவில்லை. பைக்கின் கியர் லீவரை மிதித்தால் அது லேசாக நழுவும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். காலில் உணர்ச்சி திரும்பவில்லை என்று அவனே முடிவு கட்டிவிட்டான். விற்பதற்கு முன் ஆயில் மாற்றிவிடலாமென்று, மனைவி விண்ணரசியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தான்.

கால் செத்துப்போனதால் கியர் விழவில்லை என்று அவன் சொன்னதும், மெக்கானிக் நாகூர்கனி ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார். இறங்கி, லீவரை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். விழப்போகும் பல்லைப் போல அது எல்லாப் பக்கமும் ஆடியது.

“எங்காலுக்கே விழலியே தம்பி. கியர் ஷாஃப்ட் புஷ்ஷு தேஞ்சு கெடக்கு. முன்ன பழக்கத்துல சமாளிச்சிருக்கிய. இதுக்குப் போயி காலத் திட்டுதியளே.”

சகாயம் குனிந்து தன் பாதத்தையே பார்த்தான்.

தட்டி எடுத்த பழைய புஷ் வளையம் ஒரு பக்கம் காகிதமாக மெலிந்திருந்தது. புதியதை எண்ணெயில் நனைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டி, அலுங்காமல் உள்ளே இறக்கினார் நாகூர்கனி. லீவரை மாட்டி அசைத்தார். அது ஆடவில்லை.

“இப்ப மிதிங்க.”

“வேணாம் பாய். நீங்களே ஓட்டிப் பாத்துருங்க.”

விண்ணரசி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குப் போவணும்லா.”

அவனும் ஏறினான். செருப்பைக் கழற்றிவிட்டு, எட்டு மாதத்தில் முதன்முறையாக வெறும் பாதத்தை லீவர்மேல் வைத்தான். மிதிக்காமல் அப்படியே இருந்தான்.

“என்னங்க?”

“இரும்பு சில்லுன்னு இருக்குட்டி,” என்றான்.