வண்டிக்குப் பின்னால் ஒட்டியது

லூசியானாவின் கரும்பாலைக் கரி சட்டையில் அப்பியிருக்க, காரை விட்டு இறங்காமலே மருந்து வாங்கும் கடை ஜன்னலோரம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான் லீலண்ட். பக்கத்து இருக்கையில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் அசையாமல் இருக்கிறாள் மனைவி நோயெல். வயிற்றிலேயே செத்துப்போன மூன்று மாதக் கருவை வெளியேற்ற டாக்டர் எழுதிய மாத்திரைக்காக வந்திருக்கிறார்கள். "புதுச் சட்டம் சார், அதைப் பூட்டித்தான் வெச்சிருக்கோம். எதுக்குன்னு சொல்லணும்," என்கிறது ஸ்பீக்கரில் கடைக்காரப் பெண்ணின் குரல். அவன் முணுமுணுக்கிறான். "கேக்கல சார், சத்தமா." "பிள்ளை உள்ளயே செத்துப்போச்சும்மா!" கத்திவிட்டுக் கழுத்துவரை சிவக்கிறான். "டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் தரணும். இருங்க."

சாயங்கால வெயில் நோயெலின் வெளிறிய முகத்தில் அடிக்கிறது. துண்டின் ஓரத்தில் ரத்தம் ஊறுகிறது. பின்வண்டி செல்லமாக இரண்டு முறை ஹாரன் அடிக்கிறது. கண்ணாடியில் பார்க்கிறான். நரைத்த தலைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்துகிறாள். அந்தச் சட்டம் வரவேண்டுமென்று போன வருஷம் அவன் கையாலேயே வண்டியின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது: 'கருக்கலைப்பு மாத்திரையைத் தடுப்போம். ஆமாம் என்றால் ஹாரன் அடியுங்கள்.'

"உனக்குத்தான் அடிக்கிறாங்க," என்கிறாள் நோயெல், அவன் பக்கம் திரும்பாமலே. "கையை ஆட்டு."

ஹாரன் கேட்டதுமே உயர்ந்து பழகிய கை, பாதி வழியில் நிற்கிறது.