இடது ஸ்பீக்கர்

“மரத்துக்கு மட்டும் பாலிஷ் போடுங்க. வேற எதையும் தொட வேணாம்.”

கூடுவாஞ்சேரியில் பழைய ஸ்பீக்கர்களைப் புதுப்பிக்கும் பார்த்திபனிடம் கோபாலகிருஷ்ணன் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாற்பது வருடத்து ஸ்பீக்கர் ஜோடி. தேக்குப் பெட்டி, வெள்ளி வளையம், நடுவே குமிழ் போல ஒரு கறுப்பு மூடி. பாலிஷ் ஏறியதும் கடைக்கு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். இடது ஸ்பீக்கரின் மூடியில் மட்டும் ஒரு சின்னக் குழி. அத்தனை அழகில் அது பார்த்திபனின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. செல்லோ டேப்பை ஒட்டி மெல்ல இழுத்தான். குழி போன இடம் தெரியவில்லை.

கோபாலகிருஷ்ணனின் கல்பாக்கம் வீட்டுக் கூடத்தில் இரண்டையும் வைத்து, முன்பக்கத் துணியைக் கழற்றிக் காட்டினான்.

“எப்டி கீது சார்? புச்சு மாதிரி இல்ல?”

கோபாலகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். அவர் மனைவி தெய்வநாயகி இடது ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து மூடியைத் தடவினாள். சந்தேகத்தோடு வலதையும் தடவிப் பார்த்தாள்.

“இங்க ஒரு குழி இருந்துச்சே?”

“எடுத்துட்டேன்மா. இப்ப ரெண்டும் ஒரே மாதிரி கீது பாருங்க.”

“எங்க பொண்ணு வைஷாலி விரலால அழுத்துனது அது. அப்ப அவளுக்கு ரெண்டு வயசு. அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா.”

பார்த்திபன் இடது மூடிக்கு நேரே விரலை நீட்டினான்.

“அதே எடத்துல திரும்ப அழுத்திக் குடுத்துர்றேன்மா.”

தெய்வநாயகி அவன் கையைப் பார்த்தாள்.

“யார் விரலால, தம்பி?”