மாங்காய்க்கும் வருகை

"இன்னாம்மா, என் பேர அழிக்கிற?"

பெரும்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் வாசலில், வருகை ஆப்பைத் திருத்த வந்து லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அனுப்பிரியா நிமிர்ந்தாள். சிமெண்ட் கலவை போடும் பெரியவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகைப் பட்டியலில் 'சவுரிமுத்து' என்ற பெயர் மறைந்து போனது அவர் கண்ணில் பட்டுவிட்டது. கையெழுத்துப் போடுவதற்காகவே அவர் ஐம்பது வயதுக்கு மேல் பழகிய எழுத்துகள் அவை.

"அழிக்கலண்ணா, மாத்துறேன். இந்த ஆப்ல உங்களையெல்லாம் வெறும் எழுத்தா வச்சிருக்காங்க. காலைல சும்மா 'மாங்காய்'னு அடிச்சேன். மாங்காய் வேலைக்கு வந்தாச்சுன்னு வருகை போடுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்று மேஸ்திரி ஏசுதாசன் நேற்றே சொல்லியிருந்தார்.

"மூணு வருசமா பேரே போதும்னு இருந்துச்சு. இப்ப விரலு, போட்டோல்லாம் இன்னாத்துக்கு?"

"பேரை யார் வேணா சொல்லலாமேண்ணா. இனிமே விரல், முகம், செய்ற வேலை எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆள். பேர் அந்த ஆள் மேல ஒட்டுற சீட்டு, அவ்ளோதான்."

தன்னை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. காலையில் கூட வேலை செய்யும் பென்னி அனுப்பிரியாவிடம் குனிந்து ஏதோ குசுகுசுத்ததை அவர் பார்த்திருந்தார். திரும்பி அவனை முறைத்தார்.

"இன்னா நைனா, விரல்ல முள்ளா கீது? வச்சுட்டு நகரு," என்றான் பென்னி.

சிமெண்ட் அரித்த விரலை லுங்கியில் துடைத்து, ரேகை பதியும் கருவியில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"மூணு வருச வருகையும் இந்த விரலுக்கு வந்துடுச்சு. இனி யாரும் அசைக்க முடியாது," என்ற அனுப்பிரியா, குரலைத் தாழ்த்தினாள். "சீட்டு மட்டும் பாக்கி. பேர் தப்பா இருந்தா இன்னைக்கே மாத்திக்கலாம்ணா. ஏழு பேர் மாத்திட்டாங்க, பென்னிதான் முதல் ஆளு. யாரையும் வெளிய அனுப்பல. நீங்களே அடிங்க."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவர் விரல் எழுத்துகளின் மேல் வெகுநேரம் தயங்கி நின்றது.

"எனக்கு அந்த ஒரு பேர் தவிர வேற எழுத வராதும்மா. சாலமன்னு நீயே போட்டுடு. சவுரிமுத்து எங்கண்ணன், பொதைச்சு மூணு வருசமாச்சு."